அசலும் வட்டியும்: ஒரு மிளகுத்தண்ணீர்க் கதை

போன மாதம் எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பினார். ஆங்கிலேயர், நல்ல மனிதர், சாப்பாட்டுப் பிரியர். சென்னை, மகாபலிபுரம், பாண்டிச்சேரி, மதுரை என்று இரண்டு வாரச் சுற்று. எப்படி இருந்தது என்று கேட்டேன். எல்லாம் பிரமாதம், ஒரே ஒரு குறைதான் என்றார்.

"மல்லிகட்டானி சூப்பை அது பிறந்த ஊரிலேயே, அசல் ருசியில் குடிக்கணும்னு ஆசைப்பட்டேன். நாலு ஹோட்டல்ல கேட்டேன். மூணு இடத்துல அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியலை. நாலாவது இடத்துல ஒரு டம்ளர் ரசத்தைக் கொண்டுவந்து வச்சாங்க. உங்க ஊர்க்காரங்க சொந்தச் சமையலையே மறந்துட்டாங்க போல!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தங்கமணியிடம் சொன்னேன். "பாவம், அந்த ரசத்தையாவது முழுசாக் குடிச்சாராங்க?" என்றாள்.

நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் என் அம்மாவுக்குச் சொந்த ஊர் பூதிகோட்டை. மல்லிகட்டானிக்கும் பூதிகோட்டைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லப்போய் எங்கள் வீட்டுக் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹைதரின் ஊரும் ஹைதரின் கைதிகளும்

பூதிகோட்டை எங்கே என்று கேட்பவர்களுக்கு: கர்நாடகத்தில் கோலார் மாவட்டம், பங்காரப்பேட்டை தாலுகா. கோலார் தங்கவயலுக்குப் பக்கம். பூதி என்றால் சாம்பல், ஆகவே சாம்பல் கோட்டை. பாறைக்குன்றும், இடிந்த கோட்டையும், கேழ்வரகுக் கொல்லைகளும் உள்ள ஊர். தமிழ்நாட்டு எல்லையும் ஆந்திர எல்லையும் அதிக தூரமில்லை. லீவுக்குப் போகும்போது கன்னடத்தில் சாமான் கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, மிச்சக் காசைத் தொலைத்ததற்குத் தமிழில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சரித்திரத்தில் இந்த ஊருக்கு ஒரு பெரிய பெருமை. 1720ஐ ஒட்டிய வருடங்களில் ஹைதர் அலி பிறந்தது இங்கேதான் என்கிறார்கள். அவருடைய தந்தை ஃபத்தே முகமது சிரா நவாபின் படைத்தலைவராக இருந்தவர். பூதிகோட்டை அவருக்கு ஜாகீராகக் கிடைத்த ஊர். அவருடைய சமாதி கோலாரில் இருக்கிறது.

இந்தச் சாம்பல் கோட்டைப் பிள்ளைதான் பிற்பாடு மைசூரை ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தூக்கம் வராமல் செய்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதரிடமும் திப்புவிடமும் தோற்றுச் சரணடைந்தது. பிடிபட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர் என்று பல சிறைகளுக்குப் போனார்கள். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சூஃப்ரென் தான் பிடித்த ஆங்கிலேய மாலுமிகளையும் ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த வருடம் டிசம்பரில் ஹைதர் இறந்துபோனார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை ஆன பிறகுதான் கைதிகளுக்கு விடிவு வந்தது.

இப்போது சூப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் கலந்துபோன இந்தியச் சொற்களுக்கு யூலும் பர்னலும் சேர்ந்து 1886இல் ஒரு அகராதி போட்டார்கள், 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்று பெயர். அதில் மல்லிகட்டானி என்ற சொல்லுக்கு அவர்கள் காட்டும் பழைய சான்று எது தெரியுமா? 1784ஆம் வருடத்துப் பாட்டு ஒன்று. எழுதியவர் ஹைதரிடம் கைதியாக இருந்த ஒரு கடற்படைக்காரர். பெங்களூர் ஜெயிலில் மிளகுத்தண்ணீரும் கஞ்சியும்தான் எங்கள் சாப்பாடு, இந்தத் தலைவிதியை நொந்து என்ன பயன் என்று அதில் புலம்பியிருக்கிறார்.

கவனித்தீர்களா? என் நண்பர் எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து போய்த் தேடிய அந்த ருசி, ஆங்கிலத்தில் பதிவானதே ஒரு புலம்பலாகத்தான். ஜெயில் சாப்பாடு! நம் ஊர் ஜெயில் காவலாளி தனக்குத் தெரிந்த சாதாரண மிளகுத்தண்ணீரைக் கைதிக்கும் ஊற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

ரசம் எப்படி சூப் ஆனது?

அப்புறம் காலம் மாறியது. கைதியாக இருந்தவர்கள் துரைகள் ஆனார்கள். துரை வீட்டு விருந்தில் முதலில் சூப் வர வேண்டும். நம் சமையலில் சூப் என்று தனியாக ஒரு கட்டம் கிடையாது. சென்னைப் பங்களாக்களில் இருந்த நம் ஊர்ச் சமையல்காரர்கள் யோசித்து, கையில் இருந்த மிளகுத்தண்ணீரையே சூப் ஆக்கினார்கள். கோழி வேகவைத்த தண்ணீர் சேர்ந்தது, வெங்காயம் வதங்கியது, கறித்துண்டு விழுந்தது, மேலே கொஞ்சம் சோறு. துரைக்குப் பிடித்துப்போனது. சென்னை ராஜதானியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு 'மல்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. மல்லிகட்டானியின் சுருக்கம்தான் அது. 1878இல் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி சென்னைவாழ் வெள்ளைக்காரர்களுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அதில் கறி வகைகளோடு மல்லிகட்டானிக்கும் இடம் உண்டு.

ரிட்டயர் ஆன துரைகளோடு சூப்பும் கப்பலேறியது. இங்கே புளிக்கு எங்கே போவது? ஆப்பிள் போட்டார்கள். கறிப் பவுடர் போட்டார்கள். சிலர் கிரீமும் ஊற்றினார்கள். கடைசியில் டின்னில் அடைத்து சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கே வந்துவிட்டது. என் நண்பர் சின்ன வயதில் பாட்டி வீட்டில் குடித்தது இந்த மல்லிகட்டானி. அதைத்தான் அவர் மயிலாப்பூரில் தேடியிருக்கிறார். கிடைக்குமா?

"பார்த்தீங்களா, அசல் நம்ம ரசம்தான், அவங்களோடது டூப்ளிகேட்" என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். அந்த ஹோட்டலில் அவருக்கு வந்த ரசத்தில் தக்காளி இருந்திருக்கும், காய்ந்த மிளகாய் தாளித்திருப்பார்கள். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாயை நமக்குக் காட்டியது போர்த்துக்கீசியர்கள். மிளகு போலக் காரம் என்பதால் மிளகுக்காய், மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். தக்காளி அதற்கும் பிந்தி நம் அடுப்படிக்கு வந்தது. அந்தக் கைதி குடித்த மிளகுத்தண்ணீரை இன்றைய நம் வீட்டு ரசத்தோடு வைத்துப் பார்த்தால் அவருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம்.

பேங்கில் சேர்ந்த புதிதில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வாட்டர்மார்க் இருக்கிறதா, பாதுகாப்பு இழை இருக்கிறதா, தடவினால் எழுத்து விரலில் தட்டுகிறதா. நோட்டு என்றால் அது சரி. அசல் நோட்டை அச்சடிப்பவர் ஒருவர்தான். சாப்பாட்டுக்கு ரிசர்வ் பேங்க் கிடையாதே! எந்தக் கவர்னர் கையெழுத்தைப் பார்த்து இது அசல் சாம்பார் என்று முத்திரை குத்துவது?

தமிழில் அசல் என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. கடனில் அசல், வட்டி என்கிறோமே, அந்த அசல். சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு இந்த அர்த்தம்தான் பொருத்தமாகப் படுகிறது. ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் ஒரு அசலைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான். போன இடத்தில் கிடைப்பது, கிடைக்காதது, யாருக்குச் சமைக்கிறோம் என்பதெல்லாம் சேர்ந்து அதன் மேல் வட்டி ஏறுகிறது. இருநூறு வருடம் கழித்து வட்டி வேறு, அசல் வேறு என்று பிரிக்க எந்த கால்குலேட்டராலும் ஆகாது.

லண்டனில் வீராசாமி

இந்த ஊரில் அசல் இந்தியச் சாப்பாடு என்ற ஆசைக்கு வயது அதிகம். பாட்னாவிலிருந்து வந்த தீன் முகமது என்பவர் 1810இல் லண்டனில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்' ஆரம்பித்தார். இந்தியாவில் இருந்துவிட்டு வந்த துரைமார்களை நம்பிப் போட்ட கடை. இரண்டு வருடத்திலேயே திவாலானார். அந்தத் துரைமார் வீடுகளில் ஏற்கெனவே கறி சமைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஹோட்டல் தேவைப்படவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். பேங்க்காரன் என்ற முறையில் அவருக்காக வருத்தப்படுகிறேன் :-)

1926இல் ரீஜண்ட் தெருவில் ஆரம்பித்த வீராசாமி ஹோட்டல் நிலைத்தது. பெயரைப் பார்த்து நம்ம ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பித்தவர் எட்வர்ட் பால்மர். வில்லியம் பால்மர் என்ற கம்பெனி ஜெனரலுக்கும், அவர் மணந்துகொண்ட ஃபைஸ் பக்ஷ் என்ற முகலாய உயர்குடிப் பெண்ணுக்கும் கொள்ளுப்பேரன். 1924இல் வெம்ப்ளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் சாப்பாட்டுக் கூடம் நடத்திவிட்டு இந்த ஹோட்டலைத் தொடங்கினார். வாசலில் தலைப்பாகை கட்டிய ஆள், உள்ளே இந்திய உடையில் பரிமாறுகிறவர்கள். வந்தவர்களில் பலர் இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். அவர்கள் தேடி வந்தது இந்தியாவை அல்ல, தாங்கள் அதிகாரத்தோடு இருந்த ஒரு இந்தியாவை. சாப்பாட்டோடு அந்த ஞாபகத்தையும் பரிமாறியதால்தான் கடை ஓடியது என்று எனக்குத் தோன்றுகிறது.

2001 ஏப்ரலில் அன்றைய வெளியுறவு மந்திரி ராபின் குக் ஒரு உரையில் சிக்கன் டிக்கா மசாலாதான் உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்றார். இந்தியாவின் டிக்காவோடு, குழம்பு கேட்கும் பிரிட்டிஷ்காரருக்காக மசாலா சேர்ந்தது என்று விளக்கமும் கொடுத்தார். அதை இங்கே சமைத்து விற்றவர்களில் பெரும்பாலோர் பங்களாதேஷின் சில்ஹெட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டது மீனும் சோறும். வாடிக்கையாளர் எதை இந்தியா என்று நம்பினாரோ அதை விற்றார்கள். பிழைப்பு.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லி என்ன? என் மைத்துனர் முதல் முறை சிங்கப்பூர் போனபோது மீன் தலைக் கறியைப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல வெண்டைக்காய் மிதக்குது, இது மீன்குழம்பே இல்ல" என்று போன் போட்டுச் சொன்னார். அந்தக் கறியைப் பரப்பியவர் கேரளத்திலிருந்து சிங்கப்பூர் போன எம்.ஜே. கோமஸ். 1949 வாக்கில், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதைக் கறியில் போட்டார் என்கிறார்கள். அது சிங்கப்பூரில் பிறந்த பிள்ளை. காரைக்குடி மீன்குழம்போடு அதற்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

தங்கவயலில் ஒரு குட்டி இங்கிலாந்து

இனி எங்கள் ஊர். தங்கவயலில் 1880 முதல் சுரங்கம் நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி. மேலதிகாரிகளும் சுரங்க நிபுணர்களும் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். அவர்களில் கார்ன்வால்காரர்கள் நிறைய. பங்களா, தேவாலயம், கிளப், கோல்ஃப் மைதானம் என்று கட்டி 'குட்டி இங்கிலாந்து' என்றே பெயர் வாங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு முன்னால் எங்கள் சுரங்கத்துக்கு கரண்ட் வந்துவிட்டது என்று அப்பா கடைசிவரை பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சுவாரசியமான கிளைக்கதை. டெய்லர் குடும்பத்தின் மூத்தவர் ஜான் டெய்லர் 1824இலேயே மெக்சிகோவில் ரியல் டெல் மோந்தே என்ற ஊரின் வெள்ளிச் சுரங்கக் கம்பெனியை லண்டனிலிருந்து நடத்தியவர். அங்கேயும் கார்ன்வால்காரர்களைத்தான் அனுப்பினார். அவர்கள் சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு பேஸ்டி. மாவுக்குள்ளே மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒருவகை டர்னிப் வைத்து மூடிச் சுட்டது. பார்ப்பதற்கு நம் சோமாசிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். கம்பெனி போய்விட்டது, பேஸ்டி மெக்சிகோவிலேயே தங்கிவிட்டது. அங்கே அதற்குப் பெயர் 'பாஸ்தே'. மிளகாய் சேர்ந்தது, பீன்ஸ் சேர்ந்தது, மெக்சிகோவின் 'மோலே' குழம்பு உள்ளே போனது. 2009 முதல் அந்த ஊரில் பாஸ்தே திருவிழாவே நடத்துகிறார்கள்.

கார்ன்வாலிலோ, 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். கார்ன்வாலில் தயாரித்து, இன்னின்ன சாமான் போட்டு, ஓரத்தில் மடித்தால்தான் அது 'கார்னிஷ் பேஸ்டி'. வியாபாரப் பெயரைக் காப்பாற்றுவது நியாயம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மெக்சிகோவில் ஐந்தாறு தலைமுறையாகப் பாஸ்தே சுடும் பாட்டியிடம் போய், நீ செய்வது போலி என்று யார் சொல்வது?

தங்கவயலிலும் இப்படி ஒரு கலப்பு நடந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, டெவில் சட்னி. வாரநாளில் பெப்பர் வாட்டரும் வறுத்த கறியும். பெப்பர் வாட்டர் என்றால் வேறென்ன, நம் மிளகுத்தண்ணீர்தான்! பெயர் ஆங்கிலமானது, பொருள் மாறவில்லை. லண்டன் துரை வீட்டில் பெயர் தமிழாகவே இருந்து பொருள் மாறிவிட்டது. என்ன விநோதம் பாருங்கள்.

லைன் வீட்டு அடுப்பு

குட்டி இங்கிலாந்து பங்களாக்களில் இருந்தது. நாங்கள் இருந்தது லைனில். என் தாத்தாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். சுரங்கத்துக்குள் இறங்கிய பெரும்பாலோர் இப்படி வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்த ஆதிதிராவிட மக்கள். ஆரம்பத்தில் மூங்கில் தட்டி வீடுகள்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அங்கே பாறையே கொதிக்கும். தூக்குவாளியில் சோறோ களியோ எடுத்துக்கொண்டு அந்தச் சூட்டில் இறங்கி ஏறியவர்கள் எங்கள் ஆட்கள்.

என் ஆயாவின் அடுப்பில் என்ன இருந்தது? கேழ்வரகுக் களி. மார்கழி, தை மாதங்களில் பிதுக்குப் பருப்புக் குழம்பு. சம்பள வாரத்தில் மாட்டுக்கறி, இல்லாவிட்டால் போட்டி. அம்மா பூதிகோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது கூடவே கோலார்ப் பக்கத்துக் கீரைச் சாற்றைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வந்தால், "இது கன்னடத்தான் சாப்பாடு" என்பார்கள். பெங்களூர்க்காரர்கள் எங்களைப் பார்த்தால், "நீங்க தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக்காரங்க" என்பார்கள். இட்லி எங்கள் வீட்டில் தீபாவளிக்கு, பொங்கலுக்கு. வேறு நாட்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஹோட்டலில் வாங்கிவருவார்கள்.

நான் பி.காம் முடிக்கும் வருடம், 2001 பிப்ரவரி 28, சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவின் வேலை போனது. ஊரே விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தது. எனக்கு பேங்க் பரீட்சை கைகொடுத்தது. அப்படியே நகர்ந்து நகர்ந்து லண்டன்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2016 என்று நினைவு. அம்மா ஆறு மாத விசாவில் எங்களோடு வந்து இருந்தார். ஆபீசிலிருந்து நாலைந்து பேர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். "அசல் தென்னிந்தியச் சாப்பாடு வேண்டும்" என்று ஆசையாகக் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஒரே குஷி. களி கிண்டி, கறிக்குழம்பு வைத்து, மிளகுத்தண்ணி கரைத்து அசத்திவிடுகிறேன் என்றார்.

நான் வேண்டாம் என்றேன். "அம்மா, அவங்க எதிர்பார்க்கிறது அது இல்ல. இட்லி, சாம்பார், மசால் தோசை செஞ்சா போதும். வாழை இலை நான் வாங்கிட்டு வந்துடறேன்."

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏண்டா, அப்போ நாம இத்தினி வருசமா துன்னது சோறு இல்லியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்து மழுப்பினேன். அம்மா பேசாமல் மாவு அரைத்தார். விருந்து நன்றாக நடந்தது. எல்லோரும் வாழை இலையைப் போட்டோ எடுத்தார்கள். "இதுதான் அசல்!" என்று பாராட்டினார்கள். அம்மா புன்னகையோடு நின்றார்.

வீராசாமி வாசலில் தலைப்பாகை கட்டி நின்றவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. வந்தவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. அந்தப் படத்துக்குத் தகுந்த மாதிரி நான் என் வீட்டை மாற்றி வைத்தேன். இந்த அசல் என்ற சொல்லில் எனக்கு இருக்கும் சங்கடம் இதுதான். தென்னிந்தியச் சாப்பாடு என்றால் இட்லி, சாம்பார், காபி என்று உலகம் முழுக்க ஒரு படம் ஒட்டியாகிவிட்டது. அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது சில வீடுகளின் சமையலறை, ஓரிரு ஹோட்டல் வகையின் மெனு. களி தின்றவன், மாட்டுக்கறி தின்றவன், நண்டும் நத்தையும் பிடித்துத் தின்றவன் எல்லாம் அந்தப் படத்துக்கு வெளியே. வெளியே நிறுத்தியவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானே அல்லவா என் அம்மாவை வெளியே நிறுத்தினேன்?

பயணிகள் இதைத் தெரிந்து செய்வதில்லை. 2018இலும் 2022இலும் வந்த கே.ஜி.எஃப். படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் ஊருக்கு இளைஞர்கள் வந்தார்கள். சயனைடு மேட்டில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். படத்தில் பார்த்த அடிமைக் கூட்டத்தைத் தேடினார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவர்கள். அதை யார் கேட்டார்கள்? கேட்டிருந்தால் படத்தைவிட நல்ல கதை கிடைத்திருக்கும்.

என் பையனும் அந்தப் படம் பார்த்தவன்தான். போன தடவை ஊருக்குப் போனபோது, "அப்பா, அசல் கே.ஜி.எஃப். சாப்பாடு எது?" என்று கேட்டான். பங்காரப்பேட்டையில் பானி பூரி வாங்கிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்து பானி பூரியில் தண்ணீர் பச்சையாக இருக்காது. குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், வாயில் போட்டால் காரம் காதில் ஏறும். வடக்கத்திப் பண்டம்தான். ஆனால் இன்றைக்கு பெங்களூரிலேயே 'பங்காரப்பேட்டை' என்று போர்டு போட்டு விற்கிறார்கள். பையன் கண்ணில் தண்ணீர் வர ஆறு பூரி சாப்பிட்டான். அசலா என்று அப்புறம் கேட்கவில்லை.

மறுபடியும் மிளகுத்தண்ணீர்

இவ்வளவும் யோசித்துவிட்டு, சூப் கிடைக்காமல் திரும்பிய நண்பரைப் போன சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஈஸ்ட்ஹாமில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது. அம்மா ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வீடியோ காலில் வழி சொல்ல, நானும் தங்கமணியும் சமைத்தோம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளி கரைத்து, கொத்தமல்லித் தண்டு போட்டு, நுரை கட்டும்போது இறக்கிய மிளகுத்தண்ணி. பருப்பு கிடையாது, தக்காளி கிடையாது. அப்புறம் களியும் கறிக்குழம்பும்.

நண்பர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மல்லிகட்டானி இது இல்லையே!"

"இல்லைதான்" என்றேன். பெங்களூர் ஜெயில் கதையைச் சொன்னேன். கொஞ்சம் வாடிப்போய்விட்டார். "அப்போ எங்க பாட்டி வச்சது போலியா?"

"எப்படிப் போலியாகும்? இருநூறு வருஷத்துக்கு மேல உங்க வீடுகள்ல இருக்கு. அது உங்க சூப். எங்க ஊர்ல தேடினா கிடைக்காது, அவ்வளவுதான். உங்க பாட்டி எப்படி வைப்பாங்கன்னு சொல்லுங்க, அதையும் ஒரு நாள் வச்சுப் பார்க்கலாம்."

சொன்னார். ஆப்பிளோடு ஒரு பிடி அரிசியும் போடுவாராம். அந்தப் பாட்டியைப் பற்றி அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார். அசல் எது என்று தேடியதில் அவருக்கு மதுரையில் கிடைக்காதது, யார் சமைத்தார்கள், யாருக்காகச் சமைத்தார்கள் என்று கேட்டதில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடைத்துவிட்டது. இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

களிதான் அவரைக் கொஞ்சம் படுத்திவிட்டது. சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தார். போனில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மெல்லக் கூடாதுன்னு சொல்லுடா தொரைக்கு! கொழம்புல தோச்சு அப்படியே முழுங்கணும்!"

மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுங்கினார். இன்னொரு உருண்டை கேட்டார். அம்மா அவ்வளவு நேரம் போனை வைக்கவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கும் பண்டம் ஏதாவது இருக்கும். அடுத்த முறை அதையே எடுத்து வைத்துப் பாருங்களேன்.